எத்தனைல ஆறு?

2022 ஜனவரி 19, புதன்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். அடர்ந்த பனி. எதிர் வீட்டு மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. காற்று இல்லை, மழை இல்லை. தாலுகா அலுவலகத்தில் இருபத்தெட்டு வருடம் மழையளவுப் பதிவேடு எழுதியவன் நான். ஓய்வு பெற்றும் கை நிற்கவில்லை. அன்றைய டைரிப் பக்கத்தில் இவ்வளவும் இருக்கிறது. அதற்குக் கீழே வேறு மையில் ‘எத்தனைல ஆறு?’ என்று ஒரு வரி இருக்கிறது. அந்தக் கேள்வி என்னுடையதல்ல.

கேட்டவர் எங்கள் தெருக் கோடியில் குடியிருந்த ஒரு பெண். பாலக்கோடு தக்காளி மார்க்கெட்டில் ஒரு மண்டியில் பழம் தரம் பிரிக்கும் வேலை. அப்போது ஐம்பது வயது இருக்கலாம். சேலைக்கு மேல் ஒரு முழுக்கை ஆண் சட்டை, சட்டைப் பையில் ஒரு பால்பாயிண்ட் பேனா, கையில் மூன்றடுக்குத் தூக்குச் சட்டி. ஆறே முக்கால் டவுன் பஸ்ஸுக்கு எங்கள் கேட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். பெயரை நான் எழுதப்போவதில்லை. தன்னைப் பற்றி நாலு பேர் பேசுவது அவருக்குப் பிடிக்காது.

அன்று நான் கேட்டருகில் நின்று, கோலம் போட்டுக்கொண்டிருந்த என் மனைவிக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொங்கல் முடிந்ததும் ஊரில் காய்ச்சல். எங்கள் தெருவில் காலையில் பால் சொசைட்டிக்கு வராதவர்களைக் குறித்துவைத்து, ஒவ்வொருவருக்கும் பரிசோதனை முடிவு என்ன என்று விசாரித்தேன். கொரோனா என்று வந்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஆறு பேர் இரண்டு ஊசியும் போட்டவர்கள். அன்றைய பத்திரிகையிலும் அதே மாதிரி ஒரு தலைப்பு: ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் பாதிக்கு மேல் தடுப்பூசி போட்டவர்கள். என் கணக்கும் பத்திரிகைக் கணக்கும் ஒத்துப்போனதில், உள்ளதைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் திருப்திகூட இருந்தது.

“ஒன்பதுல ஆறு. மூணுல ரெண்டு பங்கு ஊசி போட்டவங்க. நல்லவேளை உனக்குப் போடல.”

பனிக்குள்ளிருந்து குரல் வந்தது. “எத்தனைல ஆறு?”

“ஒன்பதுலம்மா. இப்பத்தானே சொன்னேன்.”

“அது நோவு வந்தவங்க சார். நம்ம தெருவுல ஊசி போட்டவங்க மொத்தம் எத்தனை பேரு? அத்தனைல ஆறுன்னு சொல்லுங்க.”

பஸ் ஹாரன் கேட்டது. “சாயங்காலம் வந்து கேக்கறேன்” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

என் மனைவிக்கு அப்போது அறுபத்து நான்கு வயது. பதினோரு வருடமாகச் சர்க்கரை. ஊரே ஊசி போட்டுக்கொண்டபோது அவளுக்குப் போடாமல் இருந்ததற்கு நான்தான் காரணம். நான் முதலிலேயே போட்டுக்கொண்டேன். முதல் ஊசிக்கு இரண்டு நாள் காய்ச்சல். நூற்றிரண்டு, நூற்றொன்று, நூற்றிரண்டு என்று ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதிவைத்தேன். அந்தத் தாளைப் பார்த்தே அவள் பயந்துவிட்டாள். பயத்தைப் போக்க வேண்டியவன், “கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்” என்றேன். ஒன்பது மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டோம்.

‘எத்தனைல’ என்பது அந்தப் பெண்மணிக்கு மூச்சு மாதிரி. பெரியவன் சின்னவன் என்று பார்க்க மாட்டார். எங்கள் தெருவில் ஒருவர் தன் மகள் டியூஷனில் மூன்றாவது ரேங்க் என்று மிட்டாய் கொடுத்தார். “எத்தனை பேர்லண்ணா?” என்று இவர் கேட்டார். நாலு பேரில் என்று தெரிந்ததும் மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, “செரி, கடைசி இல்ல” என்றார். கோயிலில் குறி சொல்லும் பூசாரி, தான் சொன்னதில் ஐம்பது பலித்ததாகப் பெருமையடித்தபோதும் அதே கேள்வி. “சொன்னது எத்தனைங்க சாமி?” அந்த வருடம் இவருக்கு மட்டும் திருநீறு குறைவாகக் கிடைத்தது என்பார்கள். கர்நாடகத்திலிருந்து வரும் லாரி டிரைவர்களிடம் இதையே கன்னடத்தில் கேட்பார். வழியில் இருபது பெட்டி நசுங்கிவிட்டது என்று அவர்கள் சொன்னால், “எஷ்டரல்லி?” அவருக்குத் தெரிந்த கன்னடத்தில் பாதி அந்த ஒரு சொல்தான்.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று எனக்கு மார்க்கெட்டில் ஒருநாள் தெரிந்தது. ஊறுகாய்க்கு இரண்டாம் ரகம் வாங்கப் போயிருந்தேன். பெட்டியில் மேல் அடுக்கில் சிவந்த உருண்டைப் பழங்களாக வைத்து, கீழே வெடித்ததையும் காயையும் போட்டுக் கொண்டுவருவது சில பேர் வழக்கம். இவர் மேலே பார்க்கவே மாட்டார். பெட்டி வந்ததும் கையை முழங்கை வரை உள்ளே விடுவார். அடியிலிருந்து நாலு பழம் எடுப்பார். அதற்குப் பிறகுதான் கொண்டுவந்தவர் முகத்தைப் பார்ப்பார்.

“மேல இருக்கறது உங்க மொகம்ணா. கீழ இருக்கறதுதான் தக்காளி.”

அன்று பெட்டி கொண்டுவந்திருந்த விவசாயி சிரித்துக்கொண்டே தலையைச் சொறிந்தார்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. பெங்களூர் போகும் பெட்டிகளில் அடியில் பழைய பத்திரிகைத் தாளை விரித்து அடுக்குவது இவர் பழக்கம். தாள் விரித்தால் பழம் பிளாஸ்டிக்கில் உரசாது என்பார். விரிக்கும்போதே படிப்பார், எட்டாம் வகுப்பு வரை படித்த அவர் உலகச் செய்தி தெரிந்துகொண்டது முழுக்கப் பெட்டி அடியில்தான். மண்டிக்காரருக்குத் தாள் வாங்கும் காசு உறுத்திக்கொண்டிருந்தது. அன்று லாரி திரும்பி வந்ததும் அவர் கூப்பிட்டார்.

“ஏம்மா, பெங்களூர்க்காரன் அழுகின பெட்டி இருபதுன்னு சொல்லி அனுப்பியிருக்கான். அதுல பன்னெண்டு நீ பேப்பர் போட்டது. பேப்பர் போடாதது எட்டுதான். உம் பேப்பர்தான் வேகவெச்சு அழுக வைக்குது. நாளையிலிருந்து நிறுத்து.”

இவர் கை வேலையை நிறுத்தவில்லை. இடது கை நல்லதை இடதிலும், வலது கை கழிவை வலதிலும் தள்ளிக்கொண்டே இருந்தது.

“பேப்பர் போட்டது எத்தனை பெட்டி அனுப்புனோம்?”

“முன்னூறு.”

“போடாதது?”

அவர் சீட்டைப் பார்த்தார். “ஐம்பது.”

“முன்னூறுல பன்னெண்டு. அம்பதுல எட்டு. அந்த அம்பது மாதிரியே முன்னூறும் வெறும் பெட்டியா போயிருந்தா நாப்பத்தெட்டு அழுகியிருக்கும். பேப்பர் காசு எவ்ளோண்ணா?”

மண்டிக்காரர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். “இவகிட்ட வாய் குடுக்கறதுக்குப் பதிலா ஒரு கட்டு பேப்பர் வாங்கிடலாம்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் அன்று இதைக் கதையாகத்தான் கேட்டேன். என் வீட்டுக்கு இது ஒருநாள் வரும் என்று தோன்றவில்லை.

சொன்னபடி அந்தப் புதன்கிழமை மாலை நாலரைக்கு அவர் வந்து நின்றார். கையில் தக்காளி இலை வாசம்.

“நோட்டு இருக்குதுங்களா சார்? வாங்க, எண்ணிட்டு வந்துருவோம்.”

“வீடு வீடாவா? இந்த நேரத்துல யார் விடுவா?”

“தெருவுல நின்னு கேப்போம். மாஸ்க்கப் போடுங்க.”

எனக்கு அப்போதும் ஒரு வாதம் பாக்கி இருந்தது. ஊசி இத்தனை சதவீதம் வேலை செய்கிறது என்று டிவியில் சொல்கிறார்களே, அது முக்கால் பங்கு என்றால், போட்ட நூறு பேரில் இருபத்தைந்து பேருக்கு நோய் வரும் என்றுதானே அர்த்தம்? இதை நடந்துகொண்டே கேட்டேன். அவர் நின்றுவிட்டார்.

“இல்லீங்க சார். பேப்பரு முக்கால் பங்கு காப்பாத்துதுன்னா நூறு பெட்டில இருபத்தஞ்சு அழுகும்னா சொல்வீங்க? பேப்பரில்லாத நூறுல பதினாறு அழுகுற எடத்துல, பேப்பர் போட்ட நூறுல நாலு அழுகும். பதினாறுல பன்னெண்டு காப்பாத்துச்சு. அதான் முக்கால். நல்லா இருக்கற பழத்தையெல்லாம் எதுக்கு அழுக வெக்கறீங்க?”

பட்டதாரி நான். சதவீதத்தை ஒன்பது மாதமாகத் தப்பாகப் படித்து, வீட்டில் ஒரு ஆளைப் பயமுறுத்தி உட்காரவைத்திருக்கிறேன். அவர் அதற்குள் அடுத்த வீட்டு வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

இரண்டு மாலைகள். நாற்பத்தோரு வீடுகள். “என்ன, ஓட்டுக் கேக்க வந்துட்டீங்களா? தலைக்கு எவ்ளோ?” என்று ஒருவர் சிரித்தார். டிராக்டர் வைத்திருந்த ஒருவர் மட்டும் முறைத்துக்கொண்டார். அவர் ஊசி போடாதவர்.

“ஊசி போட வெச்சா உனக்கு எத்தனை கமிஷன்?”

“ஒரு தக்காளி. நீ போட்டுக்கிட்டா அரைத் தக்காளி உனக்கு. வூட்டுல பதினெட்டுக்கு மேல எத்தனை பேரு, அத மட்டும் சொல்லு தம்பி.”

பேசும்போதே டிராக்டர்க்காரருக்கு இருமல் வந்தது. கண்கள் சிவந்திருந்தன. ஆனால் பரிசோதனைக்குப் போகவில்லை என்றார். அந்த வாசலைத் தாண்டியதும் நான் பேனாவைத் திறந்தேன்.

“இவருக்கும் அதுதாம்மா. பாத்தாலே தெரியுது. ஊசி போடாதவங்க மூணு இல்ல, நாலுன்னு போட்டுக்கறேன்.”

“வேணாங்க.”

“உன் பக்கம்தானே பலம் சேருது?”

“அதுக்குத்தான் வேணாங்கறேன். மத்தவங்கள எல்லாம் டெஸ்ட்டு சொன்னதால சேத்தீங்க. இவர மட்டும் கண்ணால பாத்துச் சேப்பீங்களா? நமக்குத் தோதா இருக்குதுன்னு எடுத்து வெச்சா அது மேல் அடுக்குத் தக்காளி.”

பேனாவை மூடினேன்.

இரண்டாம் நாள் இருட்டுவதற்குள் கணக்கு முடிந்தது. பதினெட்டு வயதுக்கு மேல் நூற்று நாற்பத்தோரு பேர். இரண்டு ஊசியும் போட்டவர்கள் நூற்று இருபது. ஒன்றும் போடாதவர்கள் இருபத்தொன்று. அரைகுறையாக யாரும் இல்லை. நூற்று இருபதில் ஆறு. அதாவது இருபதில் ஒருவர். இருபத்தொன்றில் மூன்று; ஏழில் ஒருவர். நான் எழுதிய எண்களில் ஒன்றுகூட மாறவில்லை. ஆறு ஆறாகவே இருந்தது, மூன்று மூன்றாகவே இருந்தது. அவற்றுக்குக் கீழே எழுத வேண்டியதை நான் எழுதாமல் விட்டிருந்தேன், அவ்வளவுதான்.

நான் உற்சாகத்தில், இதைப் பத்திரிகைக்கு அனுப்பலாமா என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

“ஒரு தெருக் கணக்குங்க சார். ஒரு லாரிய வெச்சு மார்க்கெட்டே இப்படித்தான்னு சொல்ல முடியுமா? ஊருக்குச் சொல்ல பெரிய கணக்கு போடறவங்க இருக்காங்க. நாம அவங்க சொல்றத ஒழுங்கா படிச்சாப் போதும். இது அக்காவுக்குக் காட்டறதுக்கு.”

அக்கா என்றது என் மனைவியை. அவள் நோட்டை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை பார்த்தாள்.

“நீங்க நூத்தி இருபது பேரச் சொல்றீங்க. எனக்கு நான் ஒருத்திதானே?”

அந்தப் பெண்மணி, “ஆமாங்க்கா. ஒருத்திதான். போட்டாலும் வரலாம். வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நானா இருந்தா இருபதுல ஒண்ணுல நிப்பேன், ஏழுல ஒண்ணுல நிக்க மாட்டேன்” என்றார்.

“நீ கூட வருவியா?”

“செவ்வாக்கெழம லீவு போடறேன். ரெண்டு பேரும் போவோம்.”

திங்கட்கிழமை அவருக்குக் காய்ச்சல். செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது: கொரோனா. மூச்சு இளைத்ததால் தர்மபுரிக்கு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். இரண்டு ஊசியும் போட்டவர். வீடு வீடாக வந்து கணக்கெடுத்தவர். தெருவுக்கு இதைவிட என்ன வேண்டும்? டிராக்டர்க்காரர் எங்கள் கேட்டைத் தாண்டும்போது வண்டியை நிறுத்தினார்.

“என்ன சார், கமிஷன் வாங்கப் போன ஆளு ஆஸ்பத்திரில படுத்துக்கிச்சாமே? நோட்டுல எழுதிட்டீங்களா?”

என் மனைவி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். “பாத்தீங்களா” என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். ஓசூருக்கு மகன் வீட்டுக்குப் போய்விடலாமா என்று நான் நினைத்தேன். அங்கே மட்டும் காற்று வேறா? இரண்டு ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. அவளுடைய சர்க்கரை அளவை நாளுக்கு நாலு தடவை பார்த்தேன். நோட்டைப் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தேன். அதில் நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அந்தப் பெண்மணியின் எண்ணிலிருந்து போன் வந்தது. வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. என் மனைவிக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். குரல் விட்டு விட்டு வந்தது. ஒவ்வொரு நாலு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

“சார்... நோட்டுல என்னச் சேத்துட்டீங்களா?”

“உடம்பு எப்படிம்மா இருக்கு? முதல்ல அதச் சொல்லு.”

“ஆக்சிஜன் வெச்சிருக்காங்க... பரவாயில்ல. என்னச் சேத்தீங்களா?”

“இல்லம்மா. நீ நல்லபடியா வீட்டுக்கு வா. அப்புறம் பாத்துக்கலாம்.”

“வந்தா என்ன, வராட்டி என்னங்க... வந்த நோவு வந்ததுதானே. என்ன விட்டுட்டீங்கன்னா கணக்கு பொய்யாப் போயிரும்.”

“இத எழுதினா தெரு என்ன சொல்லும்னு உனக்குத் தெரியுமா?”

“சொல்லட்டும். அந்தத் தம்பி இருமுனப்ப சேக்க வேணாம்னு சொன்னேனில்ல? இப்ப என்ன மட்டும் மறைச்சா... நான் எந்த மொகத்த வெச்சுக்கிட்டு மார்க்கெட்டுல பெட்டிக்குள்ள கை விடுவேன்? நோட்ட எடுத்துட்டு வாங்க. நான் கட் பண்ணல.”

பீரோவைத் திறந்து எடுத்து வந்தேன். ஒரு கையில் போனைப் பிடித்தபடி ஆறை அடித்து ஏழு என்று எழுதியது கோணலாக வந்தது. இன்றும் அப்படியே இருக்கிறது.

“எழுதிட்டேம்மா. ஏழு.”

“எத்தனைல?”

“நூத்தி இருபதுல.”

“அப்ப பதினேழுல ஒண்ணு. ஏழுல ஒண்ணுக்கு இன்னும் தூரம்தான்... அக்காகிட்டச் சொல்லுங்க. ஏழாயிருச்சுன்னும் சேத்துச் சொல்லுங்க.”

போன் நின்றது. என் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையில் கரண்டி. அடுப்பில் சாம்பார் கொதித்துப் பொங்கி வழிந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“மூச்சு விட முடியாம படுத்துக்கினு, தனக்கு எதிரா இருக்கற கணக்க எழுதுங்கன்னு சொல்றா” என்றாள். “உங்க நோட்டெல்லாம் எனக்குப் புரியலைங்க. இவ பொய் சொல்ல மாட்டான்னு புரியுது. ஆட்டோவக் கூப்பிடுங்க.”

“நாளைக்குக் காலைல...”

“இப்பவே. நாளைக்குன்னா நீங்க வேற எதையாவது எண்ண ஆரம்பிச்சிடுவீங்க.”

சுகாதார நிலையத்தில் அவளுக்கு முன்னால் பதினான்கு பேர் இருந்தார்கள். பன்னிரண்டு ஐம்பதுக்கு ஊசி போட்டார்கள். அரை மணி நேரம் உட்காரச் சொன்னார்கள். நான் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால், “அந்தப் பக்கம் பாருங்க, எனக்கு வெக்கமா இருக்குது” என்றாள். அன்று இரவு காய்ச்சல் தொண்ணூற்றொன்பது. மறுநாள் காலை அதுவும் இல்லை.

அந்தப் பெண்மணி பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தார். சட்டை தொளதொள என்று தொங்கியது. ஒரு மாதம் கழித்துத்தான் மார்க்கெட்டுக்குப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதல் வேலையாக நோட்டைக் கேட்டு வாங்கி, கோணல் ஏழைப் பார்த்துவிட்டு, “ஆஸ்பத்திரி போனவங்கள தனியா எழுதல போலிருக்குதே. அதுல நான் ஒண்ணு” என்று பக்கத்தில் தன் பேனாவால் இன்னொரு கட்டம் போட்டார். இரண்டு வருடத்துக்கு முன் மகளோடு இருக்கிறேன் என்று வேறு ஊருக்குப் போய்விட்டார். இப்போது பத்திரிகையில் எதற்காவது ஒரு எண்ணைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தால், நான் ஓரத்தில் பென்சிலால் ‘எத்தனைல?’ என்று எழுதுகிறேன். பதில் பெரும்பாலும் அதே செய்தியில் கடைசிப் பத்தியில் இருக்கிறது. சில சமயம் இல்லவே இல்லை. அப்போது அந்த எண்ணை நான் வீட்டில் சொல்வதில்லை.

அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் செலவும் இருக்கிறது. ஆட்டோ போக வர முந்நூற்றைம்பது கேட்டார்கள். பேரம் பேசாமல் கொடுத்தேன். திரும்பும்போது அவள் கேட்ட இளநீர் நாற்பது. கணக்கெடுக்கப் போன வாரம் வாங்கிய நோட்டு இருபத்திரண்டு. ஊசிக்கு ஒன்றுமில்லை. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு ரூபாய்.